உப்பு என்று சொன்னால் போதும்

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீருக்கு இரண்டு வார்த்தைகள் இருந்தன. ஒன்று உப்பு, இன்னொன்று துவர். உப்பு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பாலாற்று ஓரத்தில் கோடை வந்தால் எந்தக் கிணறும் கொஞ்சம் கரிக்கத்தான் செய்யும். அதற்கு யார் மேலும் குறை இல்லை. மழை இல்லையே என்று வானத்தைப் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். துவர் அப்படியில்லை. அது ஆவாரம் பட்டையிலிருந்துதான் வரும். தோல் பதப்படுத்துவதற்கு அந்தப் பட்டையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து ஊறவைப்பது டேனரியில். அதன் கழிவுநீர்க் கால்வாய் எங்கள் தெரு ஓரமாகத்தான் ஆற்றுக்குப் போகும். எங்கள் தெரு ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் அந்த டேனரியில்தான் வேலை. குடியிருந்த ஓட்டு வீடுகளும் முதலாளி கட்டி விட்டவை. அதனால் துவர் என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுப்பதில்லை. என் வீட்டுக்காரி ஒருத்திதான் எடுத்தாள்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருந்தோம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். டேனரியில் எனக்குப் பட்டைக் கிடங்கு. வருகிற பட்டையை இறக்கி, காயவைத்து, இடித்துத் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். நாள் முழுக்க அந்தத் தூள் மூக்கிலும் வாயிலும் படிந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாமி கும்பிட்டு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாலும் முதல் நாலு வாய் பட்டை ருசியாகத்தான் இறங்கும். ஆகவே கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், ஆத்தா சத்தியமாக எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். தெருவில் பாதி ஆம்பிளைகளின் நாக்கு அந்தக் கதிதான்.

அவள் ஒடுகத்தூர்ப் பக்கம், மலையடிவாரத்து ஊர்க்காரி. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கைக்குழந்தையோடு திரும்பி வந்த மறுநாள் காலையில், ஒரு சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றியவள் அப்படியே நின்றாள்.

“இன்னாங்க, தண்ணி துவர்க்குது.”

“உப்பா இருக்கும். கோடை இல்ல?”

“உப்பு எனக்குத் தெரியாதா? உப்பு கரிக்கும். இது நாக்கைச் சுருட்டி இழுக்குது. வாழைப்பிஞ்சைக் கடிச்ச மாதிரி. நான் போவும்போது இப்படி இல்ல.”

நான் முதலில் பார்த்தது சொம்பை அல்ல, வாசல் கதவைத்தான். அது திறந்திருந்தது.

அதற்கு முந்தின வருஷம், தொட்டி வேலையில் இருந்த ஒருவன் எதற்கோ எதிர்த்துப் பேசிவிட்டான். அவனை நிறுத்திவிட்டார்கள். வேலை போனால் வீடும் போகும். பெண்டாட்டி பிள்ளையோடு பாய், சட்டி பானை எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் போனதைத் தெருவே நின்று பார்த்தது. ஒருவர் கூட அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது என் மடியிலும் ஒரு குழந்தை.

அவள் அன்றைக்கே குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். டேனரிக் கால்வாய் ஆற்றில் வந்து விழும் இடத்துக்கு ரொம்ப மேலே, மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக் கொண்டுவந்தாள். தினம் போனாள். போகும் வழியில்தான் கிணறு. அங்கே பெண்கள் கூட்டம். எதிர்வீட்டுக்காரிக்கு வாய் ஜாஸ்தி.

“இன்னாடி, வாசல்லயே கிணறு இருக்குது, நீ ஆத்துக்குப் போற? அங்க யாரைப் பாக்கப் போற?”

“தண்ணிக்குத்தான்க்கா. இது துவர்க்குது.”

“எங்க யாருக்கும் துவர்க்கல. உனக்கு மட்டும் துவர்க்குதா? ஒடுகத்தூர் மகாராணி நாக்கு.”

“எனக்குத் துவர்க்குதுக்கா.”

அவ்வளவுதான். சண்டை போட மாட்டாள். நீங்களும் குடிக்காதீர்கள் என்று யாருக்கும் புத்தி சொல்ல மாட்டாள். டேனரி என்ற பேச்சே அவள் வாயில் வராது. கேட்டால் அந்த ஒரு வார்த்தை. மறுநாள் கேட்டால் மறுபடியும் அதே வார்த்தை, அதே குரலில். எதிர்வீட்டுக்காரி அவளுக்குத் ‘துவரம்பருப்பு’ என்று பேர் வைத்துவிட்டாள். “துவரம்பருப்பு வருது, வழி வுடுங்கடி” என்பார்கள். இவளும் சிரித்துக்கொண்டே போவாள். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு பயமாக இருந்தது. பேர் வைத்துவிட்டால் பேச்சு பரவும். பேச்சு பரவினால் டேனரி கேட்டுக்குள்ளும் போகும்.

போகத்தான் செய்தது. எங்கள் மேஸ்திரி அதே தெருவில் முதல் வீட்டில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. என்னை வேலைக்குச் சேர்த்து விட்டவரே அவர்தான். ஒருநாள் பட்டைக் கிடங்குக்குள் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“தம்பி, உன் வீட்டுல இன்னா சமாச்சாரம்?”

“ஒண்ணும் இல்லீங்களே.”

“தங்கச்சி ஆத்துக்குப் போவட்டும், நான் வேணாங்கல. ஆத்துத் தண்ணி நல்லதுதான். கேக்கறவங்ககிட்ட உப்புன்னு சொல்லச் சொல்லு. உப்புன்னா எனக்கும் உப்பு, முதலாளிக்கும் உப்பு. துவருன்னா அது வேற பேச்சு. புரியுதா?”

புரிந்தது. அன்று சாயந்திரம் அவளிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“உப்பா இருந்தா உப்புன்னு சொல்றேன்.”

“ஒரு வார்த்தைதானே.”

“ஒரு வார்த்தைதான். உப்புன்னு சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு ஆத்துக்கு நடக்கணும்? உப்புத் தண்ணிய ஊரே குடிக்கல? இந்த நாக்கு ஆத்தா குடுத்தது. அது சொல்றதைத்தான் நான் சொல்ல முடியும்.”

நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் அந்த நாட்களில் தெருக்கோடி அம்மன் கோயிலில் நின்றால், எது சரி என்று காட்டு தாயே என்று எனக்குக் கேட்க வரவில்லை. வேலை போகாமல் பார்த்துக்கொள், வீடு போகாமல் பார்த்துக்கொள் என்பதோடு வேண்டுதல் முடிந்துவிடும். திரும்பி வரும்போது, அவளைத் துவர் என்று சொல்ல வைப்பவளும் இதே ஆத்தாதானோ என்று ஒரு பயம் கூடவே நடந்து வரும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பேஜாரைக் கொடுத்தது. ஊற்றுக்கு அவள் ஒருத்தியாகப் போய்க்கொண்டிருந்தவள், ஒருநாள் துணையோடு வந்தாள். துணை வேறு யாரும் இல்லை, எதிர்வீட்டுக்காரி.

“என் பையனுக்கு வயிறு சரியில்ல. வைத்தியர் ஆத்துத் தண்ணி குடுக்கச் சொன்னாரு” என்று நான் கேட்காமலே எனக்குச் சொன்னாள்.

அடுத்து கடைசி வீட்டுப் பெண். அவளுடைய காரணம், கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்பது.

“எந்தப் பருப்புக்கா? துவரம்பருப்பா?” என்று என் வீட்டுக்காரி கேட்க, ஆற்று மணலில் இரண்டு பேரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்களாம்.

இன்னொருத்திக்கு ஏதோ வேண்டுதல். இன்னொருத்தியின் மாமியாருக்கு மூட்டுவலி. ஆளுக்கு ஒரு காரணம். ஒருத்தி வாயிலும் அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. கிணற்றடியில் நிற்கும்போது பழையபடி “உப்புத்தான்” என்றார்கள். விடிந்தும் விடியாமலும் ஆற்றுக்குப் போனார்கள். என் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்குக் குடம் கூடக் கூடப் பயம்தான் கூடியது. ஒருத்தி போனால் கிறுக்கு என்று விட்டுவிடுவார்கள். இத்தனை பேர் வரிசையாகப் போனால், கெளப்பிவிட்டது யார் என்று கேட்பார்கள் இல்லையா?

மேஸ்திரி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கையைக் கட்டவில்லை.

“முதலாளி ஆபீஸ் மாடியில நின்னா ஆறு தெரியும் தம்பி. இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்குப் பாப்பாரு. அப்ப நான் இன்னா சொல்றது?”

இப்படியே ஆடி மாசம் வந்தது. எங்கள் அம்மனுக்கு ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்போம். வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு வாங்கி, சனிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்னால் பெரிய தவலையில் கரைத்துப் புளிக்க வைத்து, ஞாயிறு காலையில் காய்ச்சிப் படைத்துவிட்டு எல்லாருக்கும் ஊற்றுவார்கள். கரைப்பதற்குத் தெருக் கிணற்றுத் தண்ணீர்தான். கிணற்று மேட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, முதல் குடத்தை மேஸ்திரி சேந்திக் கொடுக்க வேண்டும். கரைப்பதும் காய்ச்சுவதும் மேஸ்திரி வீட்டம்மா பொறுப்பு. பக்திக்காரம்மா. அன்றைக்கு மடியாக இருந்து, சாமிக்குப் படைக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் அந்த அம்மா மாவு வாங்க எங்கள் வாசலுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரி முறத்தில் மாவைக் கொண்டுவந்து கொட்டினாள். கொட்டிவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, மாவு எடுத்துக்கினு போங்க. ஆனா கிணத்துத் தண்ணியில கரைச்சா நான் கூழு வாங்க வரமாட்டேன். துவர்க்குற தண்ணிய என்னால ஆத்தாளுக்கு வைக்க முடியாது. கோவம் வந்தா ஆத்தா எங்கிட்ட கோவிச்சுக்கட்டும்.”

கூழ் வேண்டாம் என்று எங்கள் தெருவில் ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. மேஸ்திரி வீட்டம்மா என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தார்கள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். பிறகு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்கள். முதலாளி ஒரு பக்கம், அம்மன் ஒரு பக்கம், இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கெட்ட பேர் என்று நினைத்தேன்.

சாயந்திரம் கோயில் முன்னால் தெருவே கூடியது. மேஸ்திரி சேந்திய முதல் குடம் தவலைக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. மாவு தயாராக இருந்தது. மேஸ்திரி வீட்டம்மா குடத்தைத் தொடாமல் நின்றார்கள்.

“இன்னா நிக்கிற? ஊத்து” என்றார் மேஸ்திரி.

“படைக்கிற வரைக்கும் நான் இதை வாயில வைக்கக் கூடாது. எச்சிலாப் போயிடும். கெட்ட தண்ணியா இருந்தா ஆத்தா வாயிலதான் மொதல்ல படும். அதனால கரைக்கறதுக்கு முன்னாடி கேக்கறேன். இது இன்னா தண்ணி?”

“இது இன்னா கேள்வி? உப்புத் தண்ணி. கோடையில எப்பவும் இருக்கறதுதான்.”

“ஆடி கோடையா? போன வாரம் மழை பெஞ்சு ஓடு ஒழுகல?”

பின்னால் யாரோ இருமினார்கள். மேஸ்திரி, “உப்புத்தான்னு சொல்றேன் இல்ல” என்றார்.

“சரி, உப்பு. அப்ப இந்த வருஷம் நான் கூழுக்கு உப்பு போட மாட்டேன்.”

“உப்பு போடாத கூழா?” என்று ஒரு கிழவர் பதறினார்.

“தண்ணியிலதான் இருக்குதுன்றாரே. இன்னும் போட்டா கரிச்சிடாது?”

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தது காதில் விழுந்தது. அப்புறம் பெண்கள் பக்கம் முழுக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரிக்கும் உதடு கோணியது. நான் மட்டும் சிரிக்கவில்லை. மேஸ்திரி என்ன செய்யப்போகிறார் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து, அண்ணாந்து குடித்து, வாய்க்குள்ளேயே கொஞ்சம் வைத்திருந்து விழுங்கினார். சொம்பைக் கீழே வைத்தார்.

“என் நாக்கு பட்டையில செத்துப்போயி எத்தினியோ வருஷம் ஆச்சு. எனக்கு எதுவும் தெரியல. தெரியாமதான் உப்புன்னு சொல்லிக்கினு இருந்தேன். வீட்டுல இருந்து குடிக்கிற பொம்பளைங்க சொல்லுங்க. ஆத்தா முன்னால சொல்லுங்க.”

எல்லாத் தலையும் என் வீட்டுக்காரி பக்கம் திரும்பியது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள், கிணற்றடியில் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

“துவர்க்குதுங்கண்ணா.”

அவள் ஒருத்தி சொல்லி அதோடு நின்றுவிட்டால் எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். எதிர்வீட்டுக்காரி தன் பையனை முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டு பேசினாள்.

“எனக்கும் துவர்க்குதுண்ணா. ரொம்ப நாளாவே துவர்க்குது. வைத்தியரு ஒண்ணும் சொல்லல, நானாத்தான் சொன்னேன்.”

கடைசி வீட்டுப் பெண், “எங்களுக்கும்” என்றாள். பிறகு யார் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை. துவர், துவர் என்று அந்த வார்த்தை ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை மாசமாக நான் எதைக் கேட்டால் கதவைப் பார்த்தேனோ, அதைத் தெருவே கோயில் வாசலில் நின்று சொன்னது. ஆம்பிளைகளில் சிலர் கூட, “ஆமா, காபி கூட ஒரு மாதிரிதான் இருக்குது” என்று ஆரம்பித்தார்கள். மேஸ்திரி குடத்தை எடுத்து ஓரமாகக் கவிழ்த்தார். எல்லாரும் ஆற்றுக்குப் போய் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தோம். நானும் இரண்டு நடை நடந்தேன். கூழ் நன்றாகவே வந்தது என்றார்கள். உப்பும் போட்டிருந்தார்கள்.

எனக்கு அதன் ருசி தெரியவில்லை. பட்டையினால் அல்ல, திங்கட்கிழமையை நினைத்து. மேஸ்திரி இனிமேல் சும்மா இருக்க முடியாது. முதலாளியிடம் அவரே சொல்லியாக வேண்டும். முதலாளி கேட்கப்போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து, “உன்னையும் கூப்புடறாங்க” என்றார். ஆபீஸில் மேஸ்திரியும், வயதான தொழிலாளிகள் சிலரும் நின்றிருந்தார்கள். முதலாளி அதிகம் பேசாதவர். கோபப்பட்டும் நான் பார்த்ததில்லை. அதுவே பயமாக இருக்கும். மேஸ்திரி சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இத்தனை நாளா இல்லாத பேச்சு. மொதல்ல சொன்னது யாரு?”

நான் தரையைப் பார்த்தேன். மனசுக்குள் மாட்டு வண்டியில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். அவர் பொய் சொல்லத் தயங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே யோசித்தார்; முன்பு என்னிடம் வந்து பேசியவர் அவர்தான், ஆனால் தெருவே சொன்ன பிறகு ஒரு பேரை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க அவருக்கு வரவில்லை.

“அப்படி ஒருத்தருன்னு இல்லீங்க. தெருவுல எல்லாருமே ரொம்ப நாளா சொல்லிக்கினுதான் இருந்தாங்க. நாங்கதான் காதுல வாங்கல.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீ பட்டைக் கிடங்குதானே? உனக்குத் துவர்க்குதா?”

“எனக்கு நாக்குல ருசி தெரியாதுங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். உப்பாக இருக்கும் என்றும் சொல்லியிருக்கலாம். என்னவோ தெரியவில்லை, வார்த்தை வந்துவிட்டது. “வீட்டுல துவர்க்குதுன்னு சொல்றாங்க.”

“சரி. போய் வேலையைப் பாருங்க.”

அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் பல நாட்கள் கழிந்தன. கேட்டில் வாட்ச்மேன் என்னைப் பார்த்தால் கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். டேனரிக் கால்வாயைத் தெருவை விட்டு விலக்கி, கல் வைத்துக் கட்டி, ஆற்றில் இன்னும் கீழே கொண்டுபோய் விட்டார்கள். கிணறு உடனே தெளிந்துவிடவில்லை. அடுத்த மழைக்காலம் போன பிறகுதான் என் வீட்டுக்காரி அதில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “பரவால்ல” என்றாள். கால்வாய் போய் விழுந்த இடத்துக்குக் கீழேயும் ஊர் இருந்தது. அங்கே கிணற்றடியில் யார் என்ன சொன்னார்களோ, கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

எங்கள் தெருவில் வேறு ஒரு வேடிக்கை நடந்தது. கொஞ்ச காலம் போனதும், முதலில் சொன்னது யார் என்பது ஒருவருக்கும் நினைவில் இல்லை. எதிர்வீட்டுக்காரி, புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணுக்கு எங்கள் வாசலிலேயே நின்று கதை சொன்னாள். “நான் அப்பவே சொன்னேன், இது துவர்க்குற தண்ணின்னு. இவங்க யாரும் கேக்கல. ஆத்துக்குப் போவலாம் வாங்கடின்னு நான்தான் இழுத்துக்கினு போனேன்.” பொய் என்று சொல்ல முடியாது. அவள் முகத்தைப் பார்த்தால் மனசறிந்து நம்பித்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது.

என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. அவள் நிமிராமலே, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். “இன்னா, துவரம்பருப்புன்னு பேரு வச்சதே அவதானே? உனக்குக் கோவமே வரலையா?”

“அவளுக்கும் துவர்த்துதுதானே? அவ சொன்னதாவே இருந்துட்டுப் போவட்டும். யாரு சொன்னதுன்னு தெருவுக்கே தெரியலன்னா, முதலாளிக்கு எப்படித் தெரியும்?”

அதுவரை நான் அப்படி யோசித்ததில்லை. அன்றைக்கு மேஸ்திரி யோசித்து யோசித்துப் பார்த்தும் அவருக்கு ஒரு பேர் கிடைக்காமல் போனதில்தான் எங்கள் வீடு நின்றது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தை தத்தி நடந்து வந்து முறத்தைப் பிடித்து இழுத்தது. அவள் கையைத் தட்டிவிட்டாள். எதிர்வீட்டில் மறுபடியும் அந்தக் கதை முதலிலிருந்து ஆரம்பமானது. நான் எழுந்து போய், தெரு கேட்கும்படியாக, “ஆமாம்மா, நீதான் மொதல்ல சொன்னே” என்று சொல்லிவிட்டு வந்தேன்.